அடுக்கில் மிச்சம் எத்தனை?

1984 முடியும் தறுவாயில், மேற்கு ஜெர்மனியில் ‘ரிவர் ரெய்டு’ என்ற வீடியோ கேம் இளைஞர்களுக்குக் கேடான பொருள்களின் பட்டியலில் ஏறியது. ஆற்றின் மேல் விமானம் பறக்கிறது. எதிரே பாலம், கப்பல், ஹெலிகாப்டர். சுட்டுக்கொண்டே போக வேண்டும், வழியில் எரிபொருளும் நிரப்பிக்கொள்ள வேண்டும். இது சிறுவர்களை ராணுவப் பயிற்சிக்குப் பழக்குகிறது என்று காரணம் சொன்னார்கள். பட்டியலில் ஏறிய சரக்கை விளம்பரம் செய்ய முடியாது. சிறுவர் கைக்கு எட்டும்படி கடையில் வைக்கவும் முடியாது. 2002 வரை அந்த விளையாட்டு அங்கேயே கிடந்தது.

அதே நாடுதான் பிற்பாடு அடுமனையையும் ஆட்டுமந்தையையும் வைத்து உலகத்தையே மேசையைச் சுற்றி உட்கார வைத்தது. போரில் நொந்த நாடு, அதனால் வீட்டு மேசையில் போரை விரும்பவில்லை என்று இதற்கு வழக்கமாக ஒரு விளக்கம் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் அது பாதிக் கதைதான். மறுபாதியை எழுதியவர்கள் விமர்சகர்கள்.

ஜெர்மன் மொழிப் பத்திரிகைகளில் பலகை விளையாட்டுகளைப் பற்றி எழுதிவந்த சிலர் 1978-இல் கூடி ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’, அதாவது ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதை உருவாக்கினார்கள். தேர்வுக் குழுவில் விளையாட்டு வடிவமைப்பாளருக்கோ தயாரிப்பாளருக்கோ இடமில்லை. பரிசுப் பணமும் கிடையாது. பெட்டியின் மேல் ஒரு சிவப்புக் காய் முத்திரையை அச்சிட்டுக்கொள்ளலாம். அதற்கும் நிறுவனம்தான் கட்டணம் கட்ட வேண்டும். ஆனாலும் அந்த முத்திரை விழுந்த பெட்டியின் விற்பனை பல மடங்கு ஏறும். குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு அதைத் தேடி வாங்கும். விமர்சகர்களின் ரசனை ஒரு தொழிலையே இப்படி வளைத்த உதாரணம் விளையாட்டு உலகில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

1979-இல் அவர்கள் முதலில் தேர்ந்தெடுத்தது இங்கிலாந்துக்காரரான டேவிட் பார்லெட் உருவாக்கிய ‘முயலும் முள்ளெலியும்’. பெயரைக் கேட்டால் குழந்தைகளின் ஓட்டப்பந்தயம் போலத் தோன்றும். உள்ளே இருப்பதோ கறாரான கணக்கு. நகர்வதற்குப் பகடை உருட்டுவதில்லை, கேரட் கொடுக்க வேண்டும். ஒரு கட்டம் போக 1 கேரட், இரண்டுக்கு 3, மூன்றுக்கு 6, நான்குக்கு 10. வேகம் கூடக்கூட விலை எகிறும். பின்னால் நகர்ந்தால் கேரட் திரும்பக் கிடைக்கும். கை நிறையக் கேரட்டை வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டவும் முடியாது. அளவோடு செலவழித்து முடித்தவர்தான் உள்ளே நுழையலாம். யாரும் யாரையும் வெட்டுவதில்லை. இருந்தும் கடைசிப் பத்துக் கட்டங்களில் மேசையில் பேச்சு நின்றுவிடும். அமைதியும் இறுக்கமும் ஒரே பெட்டிக்குள் இருக்கலாம் என்பதை அந்த விமர்சகர்கள் முதல் ஆண்டிலேயே அடையாளம் கண்டுகொண்டார்கள்.

இந்தப் பாதையில்தான் கிளாஸ் டொய்பர் வந்தார். பல் ஆய்வகம் நடத்திவந்த பல் தொழில்நுட்பர். நான்கு முறை இதே விருதைப் பெற்றவர். 1995-இல் வென்ற ‘கட்டான்’ ஊர் ஊராகப் பரவியது. மரம், செங்கல், கம்பளி, தானியம், தாது என்று ஐந்தே சரக்கு. தன்னிடம் இல்லாததைப் பெரும்பாலும் எதிராளியிடம் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே, அடுத்தவரை அழிப்பதைவிட அவரோடு பேரம் பேசுவதே லாபம்.

கணினித் திரையில் இந்த மனப்போக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. ரூர் ஆற்றங்கரையிலுள்ள முல்ஹைம் நகரத்தின் ‘ப்ளூ பைட்’ நிறுவனம் 1993-இல் அமிகா கணினிக்கு ‘டீ ஸீட்லர்’ விளையாட்டை வெளியிட்டது; உருவாக்கியவர் ஃபோல்கர் வெர்டிக். அதில் போர்வீரர்கள் உண்டு. ஆனால் வீரனுக்கு வாளும் கேடயமும் வேண்டும். வாளுக்கு இரும்பு வேண்டும், இரும்புக்கு நிலக்கரியும் தாதுவும் வேண்டும். சுரங்கத்தில் இறங்குபவனுக்குச் சோறு வேண்டும்: மீன், இறைச்சி அல்லது ரொட்டி. ரொட்டிக்குக் கோதுமை வயல், மாவு ஆலை, அடுமனை. போரில் தோற்றது ஏன் என்று பின்னோக்கிப் பார்த்தால், முன்னெப்போதோ மாவு ஆலையைத் தள்ளிக் கட்டியதில் போய் நிற்கும்.

அதன் சாலைகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சாலை போடும்போது நடுநடுவே கொடிகள் நடலாம். இரண்டு கொடிகளுக்கு இடையே வழக்கமாக ஒரு சுமைதூக்கி. அவன் தன் துண்டைத் தாண்டிப் போகமாட்டான். ஒரு மூட்டையைக் கொடியருகே இறக்கி வைப்பான், அடுத்தவன் வந்து எடுப்பான். கொடிகள் குறைவாக இருந்தால் ஆளும் குறைவு. மூட்டைகள் குவியும், மூன்று மலைக்கு அப்பால் கொல்லன் வேலையின்றி நிற்பான். இதை எதிரி செய்யவில்லை, ஆட்டக்காரரே செய்துகொண்டது. அந்தக் குட்டி மனிதர்கள் ஓயாமல் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் சுகத்தை ஜெர்மன் பத்திரிகைகள் மனமாரப் பாராட்டின. கிராஃபிக்ஸுக்கு இத்தனை, ஒலிக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பழகியவர்கள், வெறுமனே வேடிக்கை பார்க்கும் இன்பத்தை ஒரு தகுதியாகவே எழுதினார்கள்.

1998-இல் ஆஸ்திரியாவின் ‘மேக்ஸ் டிசைன்’ உருவாக்கிய ‘அன்னோ 1602’ அதே வழியில் தீவுகளுக்குக் கப்பல் விட்டது. குடியேறியவர்களுக்கு முதலில் மீனும் துணியும் போதும். வசதி வந்ததும் புகையிலை, மசாலா என்று கேட்பார்கள். ஜெர்மனியில் விற்றுத் தள்ளிய விளையாட்டு அது. வரிசையின் ஒவ்வொரு தலைப்பிலும் ஆண்டின் இலக்கங்களைக் கூட்டினால் 9 வரும்: 1602, 1503, 1701, 1404, 2070. அன்னோ வளர வளரச் சரக்குகளின் பட்டியலும் நீண்டது. எது எங்கே தேங்குகிறது என்று பார்க்கத் தனிப் புள்ளிவிவரப் பக்கங்கள் தேவைப்பட்டன.

பிறகு வந்த தலைமுறை அந்தப் பட்டியலைக் கழிக்கத் தொடங்கியது. இந்தக் கழித்தல் நடந்த இடம் பெர்லினில் ஹெச்.டி.டபிள்யூ. எனப்படும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தின் கேம் டிசைன் வகுப்பு. அங்கே படித்த மூன்று மாணவர்கள் ‘கிரிஸ்லி கேம்ஸ்’ என்ற பெயரில் 2019 ஏப்ரலில் ‘ஐலண்டர்ஸ்’ வெளியிட்டார்கள். ஒரு தீவு, கையில் சில கட்டடங்கள். மரம் வெட்டுவது, மாவு அரைப்பது எதுவும் இல்லை. எந்தக் கட்டடத்தை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பதற்குத்தான் புள்ளி. புள்ளி சேர்ந்தால் அடுத்த கட்டடங்கள் கிடைக்கும், சேராவிட்டால் ஆட்டம் முடிந்தது.

அதே வகுப்பிலிருந்து இன்னும் நான்கு மாணவர்கள் வந்தார்கள். ‘டூக்கானா இன்டராக்டிவ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, 2021 மார்ச் 25 அன்று ‘டோர்ஃப்ரொமான்டிக்’ விளையாட்டை முழுமையடையும் முன்பே விற்பனைக்கு விட்டார்கள். முழுப் பதிப்பு 2022 ஏப்ரலில் வந்தது. அதில் மிஞ்சியிருக்கும் ஒரே செல்வம், ஓரமாக அடுக்கி வைத்த அறுகோண வில்லைகள். ஒவ்வொரு வில்லையின் விளிம்பிலும் காடோ வயலோ வீடோ புல்வெளியோ இருக்கும். ஆறும் ரயில் பாதையும் மட்டும் பிடிவாதக்காரர்கள், பொருந்தாத இடத்தில் உட்காராது. மற்றவற்றை எங்கும் வைக்கலாம். ஆறு பக்கமும் பொருந்தினால் ஒரு வில்லை கூடுதலாகக் கிடைக்கும். ‘இந்தக் காட்டில் இத்தனை மரம் சேரட்டும்’ என்று சில வில்லைகள் கேட்கும்; ‘சரியாக இத்தனை வீடு, ஒன்றுகூட மிஞ்சக் கூடாது’ என்றும் கேட்கும். நிறைவேற்றினால் அடுக்கு கொஞ்சம் உயரும். கடிகாரம் ஓடாது, எதிரி வரமாட்டான். அடுக்கு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. மாதக் கடைசியில் அரிசி டின்னைத் திறந்து பார்ப்பது போல, கண் அடிக்கடி அந்த அடுக்குக்குப் போய் வரும்.

ஊரடங்குக் காலத்தில் வந்த விளையாட்டு என்பதால் விமர்சகர்கள் பலரும் அதன் அமைதியைத்தான் முதலில் எழுதினார்கள். மெல்லிய வண்ணங்கள், இதமான இசை, அவசரமின்மை. 2021-இன் ஜெர்மன் கணினி விளையாட்டு விருதுகளில் சிறந்த அறிமுகம், சிறந்த விளையாட்டு வடிவமைப்பு இரண்டும் அதற்கே போயின. குறைகளும் சொல்லப்பட்டன: எந்த வில்லை வரும் என்பது அதிர்ஷ்டம், நீண்ட நாள் ஆட அதில் போதுமான புதுமை இல்லை. இரண்டாவது குறை ஓரளவு நியாயமானது. முதலாவதை ஏற்க முடியவில்லை. பொருந்தாத வில்லை வரும்போதுதான் இந்த விளையாட்டு தன் முகத்தைக் காட்டுகிறது. முன்யோசனையோடு விட்டுவைத்த ஒரு மூலை அப்போது காப்பாற்றும். அழகுக்காக எல்லாப் பக்கமும் மூடி வைத்தவருக்கு அது கிடைக்காது. நிம்மதியான விளையாட்டு என்று மட்டும் எழுதியவர்கள் இந்தக் கடுமையைத் தவறவிட்டார்கள். முள்ளெலிக்கும் முயலுக்கும் கேரட் எண்ணியவர்களின் வாரிசு இது.

அந்த உறவை ஊர்ஜிதப்படுத்தியது பழைய தேர்வுக் குழுவே. மிக்கேல் பால்ம், லூகாஸ் ட்சாக் இருவரும் ‘டோர்ஃப்ரொமான்டிக்’கை அட்டை வில்லைகளாக மாற்ற, பெகாசுஸ் நிறுவனம் அதை வெளியிட்டது. 2023 ஜூலையில் அதற்குச் சிவப்புக் காய் கிடைத்தது. டொய்பர் அந்த ஏப்ரலில்தான் காலமாகியிருந்தார். அட்டைப் பதிப்பில் ஒருவரிலிருந்து ஆறு பேர் வரை சேர்ந்து ஒரே ஊரைக் கட்டலாம். ஆட ஆட மூடிய பெட்டிகள் திறந்து புது வில்லைகள் வெளிவரும்.

சேர்ந்து ஆடும்போது கணக்கில் கெட்டிக்காரர் ஒருவரே எல்லாருக்கும் முடிவெடுத்துவிடுகிறார் என்று மேசை விளையாட்டில் ஊறியவர்கள் முறையிட்டார்கள். கூட்டு விளையாட்டுகள் எல்லாவற்றின் மீதும் விழும் புகார்தான், ஆனால் இங்கே அது உண்மையாகவே பொருந்துகிறது. கையில் மறைப்பதற்கு எதுவுமில்லை, எல்லாரும் ஒரே வில்லையைத்தான் பார்க்கிறார்கள். பின்னர் வந்த இருவர் பதிப்பான ‘டாஸ் டுயெல்’ இதற்கு வேறு வழி கண்டது. இருவரிடமும் ஒரே மாதிரி வில்லைகள். ஒருவர் உருவியதையே மற்றவரும் எடுத்துத் தன் ஊரில் வைக்க வேண்டும். அதிர்ஷ்டம் இருவருக்கும் சமம். அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட்டவர்கள் இனி எதிரே உட்கார்ந்திருப்பவரின் ஊரைப் பார்த்தால் போதும்.