துணைப்பாடமாக நுழைந்த இயற்கை விஞ்ஞானம்

சர்வகலாசாலைகளின் வரலாற்றை ஆராய்வோர், இன்று தலைமை பெற்று விளங்கும் பாடங்கள் பல ஒரு காலத்தில் வாயிலிற் காத்து நின்றவையே என்பதைக் காண்பர். இயற்கை விஞ்ஞானமும் அத்தகையதே. பிற துறையிற் பட்டம் பெறும் மாணவன் இயற்கை விஞ்ஞானத்தையும் சுற்றாடல் முகாமைத்துவத்தையும் துணைப்பாடமாகக் கற்கும் வழக்கம் இக்காலத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலே உண்டு. துணைப்பாடம் என்றதும் அதனைச் சுமையெனக் கருதுவோர் சிலர். அலங்காரமெனக் கருதுவோர் வேறு சிலர். இவ்விரு கருத்துக்களும் எவ்வளவு பொருந்தும் என்பதைக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் வரலாறு ஒருவாறு விளக்கும். அவ்வரலாற்றின் ஒரு கிளை நம் நாட்டு மலைச்சாரல் வரை நீண்டு வந்தமையால், அது நமக்கு முற்றும் அயலான கதையுமன்று.

கணிதத்தின் ஆட்சி

கேம்பிரிட்ஜிற் சிறப்புப் பட்டத்துக்குரிய பரீட்சை ‘ட்ரைப்போஸ்’ என வழங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சிறப்புப் பட்டம் என்றாற் கணிதம் என்பதே பொருள். 1824இல் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களுக்குத் தனிப் பரீட்சை ஏற்பட்டபோதும், கணிதத்திற் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர்க்கே அதன் கதவு திறந்தது. தாவரவியலுக்கும் புவிச்சரிதவியலுக்கும் பேராசிரியர்கள் இருந்தனர், விரிவுரைகளும் நடந்தன. ஆயினும் அவற்றுக்குப் பட்டத்தில் இடமில்லை. விரும்பியோர் சென்று கேட்டனர். விரும்பாதோர்க்கு அதனால் நட்டமொன்றும் இல்லை.

அவ்வாறு விரும்பிக் கேட்டவருள் ஒருவர் சாள்ஸ் டார்வின். 1828இல் கிறைஸ்ட் கல்லூரியிற் சேர்ந்த அவர் சமய குருவாதற்பொருட்டுக் கற்க வந்தவர். 1831இல் அவர் பெற்றதும் சாதாரணப் பட்டமே. ஆனால் தாவரவியற் பேராசிரியர் ஹென்ஸ்லோவின் விரிவுரைகளைத் தவறாது கேட்டார். அவருடன் வயலிலும் சதுப்பு நிலத்திலும் நடந்து திரிந்தார். அவ்வாண்டிற் புவிச்சரிதவியற் பேராசிரியர் செட்ஜ்விக் அவரை வட வேல்ஸ் பகுதிக்கு அழைத்துச் சென்று பாறைகளை நோக்கும் முறையைக் கற்பித்தார். ‘பீகிள்’ கப்பலிற் செல்லும் வாய்ப்பை அறிவித்த கடிதமும் ஹென்ஸ்லோவிடமிருந்தே வந்தது. பட்டத்துக்கு வேண்டிய பாடம் டார்வினைக் குருவாக்கவில்லை. வேண்டாத பாடமே அவரை விஞ்ஞானியாக்கியது.

ஹென்ஸ்லோ கற்பித்தலோடு அமைந்தவரல்லர். சர்வகலாசாலையின் புதிய தாவரவியற் பூங்கா 1846இற் திறக்கப்படுவதற்கு அவர் முயற்சியே முதற்காரணம். ஹிச்சம் என்னுஞ் சிற்றூரிற் சமய குருவாயிருந்த காலத்து, அவ்வூர்ப் பாடசாலைச் சிறுவர்க்குத் தாவரவியல் கற்பித்தார்; மண்ணிற் கிடந்த பொசுபேற்றுக் கற்கள் பயிருக்கு உரமாகும் என்பதையும் எடுத்துரைத்தார். இயற்கையை அறிதலும் நிலத்தைப் பேணுதலும் ஒரே கல்வியின் இரு பக்கங்கள் என்பது அவர் வாழ்க்கையிற் புலனாகின்றது.

1848ஆம் ஆண்டின் ஏற்பாடு

1847இல் இளவரசர் அல்பேட் கேம்பிரிட்ஜின் வேந்தரானார். திரினிற்றிக் கல்லூரித் தலைவர் வில்லியம் ஹுவெல் அவருக்குத் துணைநின்றார். கல்வியை நிலைத்த கல்வி என்றும் வளருங் கல்வி என்றும் இரண்டாக வகுத்தவர் ஹுவெல். கேத்திரகணிதமும் பண்டை இலக்கியமும் நிலைத்தவை. அவை அறிவுக்கு உறுதி தருவன. புதிய விஞ்ஞானங்கள் வளர்வன. அவை அறிவு இன்னும் முடிந்துவிடவில்லை என்பதைக் காட்டுவன. இரண்டும் வேண்டும், ஆயினும் முன்னையது முந்துதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கையின் சாயல் 1848 ஒக்ரோபரில் நிறைவேறிய தீர்மானத்திலே தெளிவாகத் தெரிகின்றது. இயற்கை விஞ்ஞான ட்ரைப்போஸ் நிறுவப்பட்டது. உடலமைப்பியலும் உடற்றொழிலியலும், இரசாயனம், தாவரவியல், புவிச்சரிதவியல், கனிப்பொருளியல் என்பன அதன் பாடங்கள். ஆனால் வேறு வழியிற் பட்டத்துக்குத் தகுதி பெற்றவரே அப்பரீட்சைக்குத் தோற்றலாம். 1851இல் முதற் பரீட்சை நடந்தபோது தோற்றியவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. கல்லூரிகள் தம் உதவித் தொகைகளையும் பதவிகளையும் பெரும்பாலும் கணிதம், இலக்கியம் ஆகியவற்றில் வல்லவர்க்கே வழங்கின. பயன் தராத உழைப்பை மேற்கொள்ள எத்தனை மாணவர் முன்வருவர்?

இக்குறை பத்தாண்டுகளிற் களையப்பட்டது. 1860இல் எடுக்கப்பட்ட முடிவின்படி, இயற்கை விஞ்ஞானத்தில் தேறியவர் அதனாலேயே பட்டம் பெறும் உரிமை எய்தினர். 1870இல் மைக்கேல் பொஸ்டர் திரினிற்றிக் கல்லூரியில் உடற்றொழிலியல் கற்பிக்கத் தொடங்கி, மாணவர் தம் கையாற் செய்து கற்கும் முறையை வளர்த்தார். 1874இல் கவென்டிஷ் ஆய்வுகூடம் திறக்கப்பட்டது. வாயிலில் நின்ற பாடம் இவ்வாறு மண்டபத்துள் அமர்ந்தது.

கோப்பித் தோட்டத்தில் ஒரு பரீட்சை

இக்கல்வியின் பயனைச் சோதித்த களங்களுள் இலங்கையும் ஒன்று. 1869ஆம் ஆண்டளவில் நம் மலைநாட்டுக் கோப்பிச் செடிகளின் இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பேர்க்லி என்பார், அந்நோயை விளைத்த பங்கசுக்கு ‘எமிலியா வஸ்தாற்றிக்ஸ்’ எனப் பெயரிட்டார். இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்த பயிர் ஆண்டுதோறும் இலையுதிர்ந்து மெலிந்தது. மண் வலுவிழந்தது என்றனர் ஒருசாரார்; காலநிலை மாறியது என்றனர் பிறிதொருசாரார்; உரமிட்டாற் போதும் என்றனர் வேறுசிலர். பொருளிழந்தவர் தோட்டத்துரைமார் மட்டுமல்லர். தென்னிந்தியாவிலிருந்து வந்து உழைத்த தமிழ்த் தொழிலாளரின் பிழைப்பும் அவ்விலைகளையே சார்ந்திருந்தது.

1880இல் இந்நோயை ஆராயும்பொருட்டு அரசாங்கத்தால் வரவழைக்கப்பட்டவர் ஹரி மார்ஷல் வார்ட். டார்வின் பயின்ற கிறைஸ்ட் கல்லூரியிலே பயின்று, 1879இல் இயற்கை விஞ்ஞான ட்ரைப்போசில் முதல் வகுப்பிற் தேறியவர் அவர். சில ஆண்டுகளுக்கு முன் சேர் பொன்னம்பலம் அருணாசலம் கற்றதும் அதே கல்லூரியிற்றான். வார்ட் நுணுக்குக்காட்டியோடு அமைந்துவிடவில்லை. தோட்டங்களிற் கண்ணாடித் தகடுகளை வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். அவை ஈரமான இலையின் அடிப்புறத்தில் முளைத்து, இலைவாய் வழியே உட்புகுந்து, உள்ளே பரந்து, பின்னர் புள்ளிகளாய் வெளிப்படுதலை ஒழுங்காகக் காட்டினார். பங்கசு இலையினுள்ளே புகுந்த பின் கந்தகம் தூவுவதாற் பயனில்லை என்பது இதனாற் பெறப்பட்டது.

அவர் உணர்த்திய பேருண்மை இன்னொன்று. காட்டில் ஓரினச் செடிகள் சிதறி நிற்கும். இடையிலுள்ள பிற மரங்கள் வித்திகளைத் தடுக்கும். மலைக்கு மலை ஒரே பயிரை நட்ட இடத்திற் பங்கசுக்கு எல்லையற்ற உணவும் காற்றுக்குத் தடையற்ற வழியும் கிடைக்கின்றன. ஆகவே நோயின் காரணம் பங்கசு மட்டுமன்று, பயிரிட்ட முறையுமாம். மருந்தொன்றை எதிர்பார்த்திருந்த தோட்டத்துரைமார்க்கு இவ்விடை மகிழ்ச்சி தரவில்லை. 1882இல் வார்ட் இங்கிலாந்து திரும்பினார். 1895இற் கேம்பிரிட்ஜின் தாவரவியற் பேராசிரியரானார். கோப்பி அழிந்தது, அது நின்ற நிலத்திற் பெரும்பகுதி தேயிலைக்கு உரியதாயிற்று. தேயிலையும் தனிப்பயிராகவே நடப்பட்டது. 1946இற் கொப்புள நோய் அதனையும் வந்தடைந்தது. நாடு பயிரை மாற்றியதேயன்றிப் பயிரிட்ட முறையை மாற்றவில்லை என்பது இதனாற் தெளிவாம்.

சூழலியலின் தோற்றம்

வார்ட் தனி நோயொன்றிற் கண்டதனைப் பொதுவிதியாக ஆராயுந் துறை பின்னரே உருவாயிற்று. அதனை உருவாக்கியவருள் ஆர்தர் டான்ஸ்லி முதன்மையானவர். அவரும் அதே ட்ரைப்போசின் மாணவர். 1900-1901இல் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து வெப்பவலயத் தாவரங்களைக் கண்டவர். 1913இல் நிறுவப்பட்ட பிரித்தானிய சூழலியற் கழகத்தின் முதற் தலைவர் அவரே. உயிர்களையும் அவை வாழும் மண், நீர், காற்று என்பவற்றையும் ஒன்றாய்க் கொண்டு ‘சூழற்றொகுதி’ என்னுங் கருத்தை 1935இல் வெளியிட்டார். 1949இற் பிரித்தானியாவில் இயற்கைப் பாதுகாப்புக்கென அரச அமைப்பொன்று தோன்றியபோது அதன் முதற் தலைவரும் அவரேயாயினார். 1967இல் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகம் சுற்றாடல் விஞ்ஞானத்துக்கெனத் தனிப் பீடம் அமைத்தது. ஹென்ஸ்லோவின் வயல் நடையிற் தொடங்கிய கல்வி முகாமைத்துவக் கல்வியாக வளர்ந்த வழி இதுவாம்.

துணைப்பாடத்தின் தகுதி

இவ்வரலாற்றிலிருந்து இரு முடிவுகள் பெறப்படும். ஒரு பாடத்தைத் துணையென வைத்து, அதற்கு மதிப்பும் உதவியும் மறுத்தால் அது வாடும். 1851க்கும் 1860க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் இதற்குச் சான்று. துணையாயினும் நல்லாசிரியரும் வயலும் பூங்காவும் வாய்த்தால் அது தலைமைப் பாடத்தினும் மேலான பயன் தரும். டார்வின் இதற்குச் சான்று.

மற்றும், நிலத்தைப் பற்றிய முடிவுகளை எடுப்போர் பெரும்பாலும் விஞ்ஞானிகள் அல்லர். வார்ட் கூறியதைக் கேட்க வேண்டியவர் வணிகரும் ஆட்சியாளருமாவர்; அவர்க்கு அம்மொழி விளங்கவில்லை. வற்றாத ஆறொன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்படையில் தங்கும் நிலத்தடி நீரையே நம்பி வாழ்கின்றது. தோட்டத்தில் அளவின்றி இட்ட உரம் கிணற்று நீரில் நைத்திரேற்றாய்ச் சேர்வதை ஆய்வாளர் பலமுறை காட்டியுள்ளனர். அக்கிணற்றைப் பற்றிச் சட்டம் இயற்றுவோரும், கணக்கு எழுதுவோரும், வகுப்பிற் கற்பிப்போரும் கலைப்பட்டதாரிகளாகவே இருத்தல் கூடும். அவர்கள் விஞ்ஞானிகளாக வேண்டுவதில்லை. விஞ்ஞானி கூறுவதைக் கேட்டு அறியத்தக்கவர் ஆதல் வேண்டும். அத்தகுதியை அளிப்பதே துணைப்பாடத்தின் தொழில் என்க.