எத்தனை பவுண்டு இழுக்கும்? யார் சொன்னது?



டெக்சாஸில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் புதிதாகப் பிக்கப் டிரக் வாங்கியிருக்கிறார். அதன் பின்னால் மாட்டி இழுக்க, படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள டிரெய்லர் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறார். "சார், கம்பெனி விளம்பரத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கிறான். டிரெய்லர் சாமானோடு 9,000தான் வரும். லீவுக்குக் குடும்பத்தோடு அரிசோனா போகிறோம்" என்று எழுதியிருந்தார். 11,000 பவுண்டு என்பது ஏறத்தாழ 5 டன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, அந்த எண் எப்படி வந்தது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். சரித்திர வாத்தியாரிடம் வண்டியைப் பற்றிச் சொன்னால் சரித்திரம்தான் பதிலாக வரும். அமெரிக்காவில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

(மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறியும் குறளை யாராவது கமெண்டில் போடுவீர்கள் என்று தெரியும். போடுங்கள். வலியறிதல் அதிகாரம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.)

முதலில் கப்பலுக்குப் போவோம். 1870களில் இங்கிலாந்துச் சரக்குக் கப்பல்களில் எவ்வளவு ஏற்றலாம் என்பது முதலாளியின் விருப்பம். பழைய கப்பலை அதன் மதிப்புக்கு மேல் இன்சூர் செய்து, தண்ணீர் மேல்தளத்தைத் தொடுகிற அளவுக்குச் சரக்கை அடைத்து அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்தால் வாடகை, மூழ்கினால் இன்சூரன்ஸ். நஷ்டம் மாலுமியின் வீட்டுக்கு மட்டும். வேலைக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு கப்பலின் நிலையைப் பார்த்து ஏற மறுத்தவனைச் சிறையில் போட்டார்கள். இந்தக் கப்பல்களுக்கு மக்கள் வைத்த பெயர் சவப்பெட்டிக் கப்பல்.

டெர்பி தொகுதி எம்.பி. சாமுவேல் பிளிம்சால் இதை எதிர்த்து 1873இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் நிலக்கரி வியாபாரி. 1875 ஜூலையில் டிஸ்ரேலி அரசு கப்பல் மசோதாவைத் தள்ளிப்போட்டபோது, சபையில் எழுந்து முஷ்டியை ஆட்டி, உறுப்பினர்களையே அயோக்கியர்கள் என்று கத்தினார். பிறகு மன்னிப்புக் கேட்டார் என்றாலும் நாடு அவர் பக்கம் திரும்பிவிட்டது. 1876இல் சட்டம் வந்தது. கப்பலின் பக்கவாட்டில் கோடு போட வேண்டும், அந்தக் கோடு மூழ்கும்படி ஏற்றக் கூடாது.

ஆனால் கோட்டை எங்கே போடுவது? அதை முதலாளியே தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்! ஒரு கேப்டன் புகைபோக்கியில் கோடு போட்டான் என்று ஒரு கதை இன்றும் சொல்கிறார்கள். கதையோ நிஜமோ, சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. கோட்டின் இடத்தை அரசே விதிப்படி நிர்ணயிக்க 1890 வரை ஆயிற்று. நடுவில் 14 வருடம்.

இனி டிரக்குக்கு வருகிறேன். அமெரிக்காவில் பிக்கப் எவ்வளவு இழுக்கும் என்பதையும் நெடுங்காலம் செய்த கம்பெனியே சொல்லிக்கொண்டது. எந்த மேட்டில், எந்த வெயிலில், எந்த வேகத்தில் இழுத்துப் பார்த்தார்கள் என்பதற்குப் பொது அளவு கிடையாது. ஒருவன் 10,000 என்றால் அடுத்தவன் 10,500 என்பான். அந்த எண்ணை நம்பித்தான் அப்பா அம்மா பிள்ளைகளோடு மலைச்சாலையில் ஏறினார்கள்.

2008இல் வாகனப் பொறியாளர்களின் சங்கமான எஸ்.ஏ.இ. ஒரு பொது அளவு வெளியிட்டது. ஜே2807 என்று பெயர். அதில் எனக்குப் பிடித்தது டேவிஸ் அணை ஏற்றம். கொலராடோ ஆற்றில் அரிசோனாவும் நெவாடாவும் சேரும் இடத்தில் அந்த அணை இருக்கிறது. பக்கத்திலிருந்து 68ஆம் எண் சாலை பாலைவனத்தில் ஏறுகிறது. நம் ஏற்காடு போல் கொண்டை ஊசி வளைவு இல்லை, வெறும் ஏற்றம். ஏறத்தாழ 18 கிலோமீட்டரில் 900 மீட்டர் உயரம். வெயில் குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். ஏ.சி.யை முழு வேகத்தில் ஓட விட வேண்டும். முழுப் பாரத்தோடு ஏறும்போது வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள பெரிய டிரக்குக்கு 35. இன்ஜின் கொதித்து நிற்கக் கூடாது. இது போக, 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து முன்னால் 5 தடவை, பின்னால் 5 தடவை கிளப்ப வேண்டும். பிரேக், டிரெய்லர் ஆட்டம் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சோதனை.

நல்ல விதிதான். ஆனால் சட்டம் இல்லை, விருப்பமுள்ளவன் பின்பற்றலாம். முதலில் டொயோட்டா 2011 மாடல் டண்ட்ராவுக்கு இந்த முறைப்படி அளந்து போட்டது. எண் இறங்கியது. வண்டி பழைய வண்டிதான், அளந்த முறை மாறியதால் விளம்பரத்தில் மற்றவர்களைவிடச் சிறியதாகத் தெரிந்தது. மற்றவர்கள் என்ன செய்தார்கள்? "நீ முதலில் போ" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபோர்டு அடுத்த புது மாடல் வரட்டும் என்றது. செவர்லே தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் மாறுவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கியது. 2015 மாடல் வாக்கில்தான் மூன்று டெட்ராய்ட் கம்பெனிகளும் தங்கள் பிரபல பிக்கப்புகளுக்கு இந்த அளவை ஏற்றன. பொறியாளர்கள் விதி எழுதி ஏழு வருடம் கழித்து. பிளிம்சாலுக்கு ஆனதில் பாதி என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

சரி, இப்போது அளந்த எண்தானே, நம்பலாமா? நம்பலாம், ஆனால் அளந்தபோது வண்டிக்குள் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஓட்டுநரும் ஒரு பயணியும், தலைக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. மாமியார் இல்லை, பிள்ளைகள் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை.

நம்மவர் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். டிரெய்லரின் முழு எடையும் சக்கரத்தில் நிற்காது. 10 முதல் 15 சதவீதம் டிரக்கின் கொக்கியை அமுக்கும். 9,000 பவுண்டில் 12 சதவீதம் என்றால் 1,080. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இதற்கு மேல் போகக் கூடாது என்று. அவர் வண்டியில் 1,500. கொக்கி அமுக்குவதும் இதில்தான் சேரும். மீதி 420 பவுண்டு. அவர், மனைவி, இரண்டு பையன்கள் ஏறினாலே 500 தாண்டிவிடுகிறது. 11,000 இழுக்கும் வண்டி 9,000க்கே தாங்கவில்லை.

"அப்படியானால் டிரெய்லரில் சாமானைப் பின்னால் தள்ளி வைத்தால் கொக்கிப் பாரம் குறையுமே சார்" என்றார். குறையும். மாட்டு வண்டி பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்தை அமுக்கும், பின்பாரம் அதிகமானால் நுகத்தடியே மேலே தூக்கும். டிரெய்லர் பின்பாரமானால், 60 மைல் வேகத்தில் பெரிய லாரி ஒன்று கடந்து போகும் காற்றுக்கே வால் ஆட ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் டிரெய்லர் டிரக்கைச் சாலைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும். ஆட்டம் தொடங்கினால் டிரக் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கைத் தனியாகக் கையால் கொடுத்து, காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்க வேண்டும்.

ஆகவே டிரெய்லர் வாங்குமுன் கதவுத் தூணைப் படியுங்கள். வாங்கிய பிறகு, குடும்பம், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையோர டிரக் ஸ்டாப்பில் இருக்கும் எடை மேடையில் ஏற்றுங்கள். ஒவ்வொரு அச்சிலும் எவ்வளவு இறங்குகிறது என்று தனித்தனியாகச் சீட்டில் வரும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே ஆட்களோடு டிரக்கை மட்டும் இன்னொரு தடவை நிறுத்துங்கள். இரண்டு சீட்டிலும் டிரக்கின் முன் அச்சையும் பின் அச்சையும் கூட்டிக் கழித்தால், கொக்கி எவ்வளவு சுமக்கிறது என்று தெரிந்துவிடும்.