கையைக் கேட்காத சட்டம்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. காபித்தூள், மிளகு, தேன் விற்கும் கடைகளுக்கு நடுவே 'ஆயுர்வேத மசாஜ்' என்ற பலகைகளும் அங்கே உண்டு. அப்படியோர் அறையில் என் பழைய மாணவி வேலை பார்த்தாள். சேர்வராயன் மலைக் கிராமமொன்றிலிருந்து இறங்கிவந்து பி.ஏ. தமிழ் படித்தவள். ஒருநாள் சோதனை நடந்தது. கல்யாணம் ஆகிவிட்டதா, ராத்திரி எங்கே தங்குகிறாய், ஆண்களுக்கும் செய்வாயா என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க கத்துக்கிட்டேன், என்ன எண்ணெய், யாருக்கு இதைச் செய்யக்கூடாதுன்னு ஒருத்தர்கூடக் கேக்கல மேம்" என்றாள். மறுவாரம் அவளுக்கு வேலை இல்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவைதாம். சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளில் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை. ஒவ்வொன்றும் ஒரு கைப்பழக்கம். ஊர்களில் பிள்ளை பெற்றவளின் இடுப்பையும் சிசுவின் கைகால்களையும் உருவிவிட்டவர்கள் பெரும்பாலும் நாவிதர் குலத்து மருத்துவச்சிகள். தொட்டுக் குணமாக்கிய அந்தக் கைகளைச் சாதி தள்ளியே வைத்திருந்தது. சட்டம் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

சட்டமும் பத்திரிகையும் இந்தத் தொழிலைப் பார்த்ததெல்லாம் 'ஒழுக்கம்' என்ற சன்னல் வழியாகத்தான். 1894இல் லண்டனில் மசாஜ் நிலையங்கள் விபச்சார விடுதிகள் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதியது. அதே ஆண்டில் ரோசலிண்ட் பேஜட் உள்ளிட்ட நான்கு பெண்கள், செவிலியும் பேறுகால மருத்துவமும் தெரிந்தவர்கள், பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். தேர்வு வைத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். மருத்துவர் சொன்னாலன்றி ஆண்களுக்கு மசாஜ் கூடாது என்றும் விதித்தார்கள். திறமையை அளக்க முனைந்ததற்காக அவர்களை மதிக்கிறேன். தம் மானத்தைக் காக்க மற்ற பெண்களிடமிருந்து விலகி நின்றார்கள் என்பதும் உறுத்துகிறது. இன்றைய இயன்முறை மருத்துவத்தின் பிரிட்டிஷ் வேர் அந்தச் சங்கம்தான்.

சென்னை மாகாணத்தில் 1930இல் விபச்சாரத் தடுப்புச் சட்டம் வந்தது. 1956இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம். அதன்படி வாரண்ட் இல்லாமலே சோதனையிடலாம். 1986 திருத்தத்திற்குப் பின், அப்படிச் செல்பவர்களுடன் குறைந்தது இரண்டு பெண் காவலர்கள் இருந்தாக வேண்டும். ஏற்காட்டு அறைக்கு வந்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை. எந்தச் சட்டப்படி வந்தார்கள் என்றும் அவளுக்குச் சொல்லப்படவில்லை.

இனி வருபவை மூன்று வாரங்களுக்குள் நடந்தவை. ஆண்களுக்குப் பெண்களும் பெண்களுக்கு ஆண்களும் மசாஜ் செய்யக்கூடாது என்ற தில்லி அரசின் விதியை, 2021 டிசம்பர் நடுவில் தில்லி உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்தது. டிசம்பர் 20 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், தமிழ்நாட்டின் எல்லா மசாஜ் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா வைக்க உத்தரவிட்டார். எண்ணெய் பூசிய உடம்புகளின் அந்தப் பதிவை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? 2022 ஜனவரி 4 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மாறுபட்டார். உள்ளே கேமரா வைப்பது உடல்மீதான தன்னுரிமையைக் குலைக்கும், வெறும் சந்தேகத்தை வைத்து ஒருவர் ஓய்வெடுக்கும் உரிமைக்குள் நுழைய முடியாது என்றார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற உச்சநீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பே அதற்கு அடித்தளம்.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. இருமுறை படித்தபின் ஒன்று இடறியது: ஓய்வெடுக்கும் உரிமை மேசைமேல் படுத்திருப்பவருக்கு. பக்கத்தில் நின்று எட்டு மணிநேரம் அழுத்துகிறவளின் கட்டைவிரல் மூட்டுக்கு என்ன உரிமை? அத்துமீறும் வாடிக்கையாளரை வெளியே போகச் சொன்னால் அவள் வேலைக்கு யார் பொறுப்பு? பயிற்சி, பதிவு, கூலி, மறுக்கும் உரிமை ஆகியவற்றைக் கொண்டுதான் ஒரு தொழிலை ஒழுங்குபடுத்த வேண்டும். இங்கே உரிமமும் சோதனையும் கேமராவும்தான் விவாதமாகின்றன.

இப்போது அவள் தன் ஊரில், பிள்ளை பெற்ற பெண்களுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துவிடுகிறாள். பாட்டியிடம் கற்றது. அதற்கு யாரும் உரிமம் கேட்பதில்லை, கூலியும் கொடுப்பதில்லை. சிலர் ராகி தருகிறார்கள், சிலர் மிளகு. போன மாசியில் அதில் ஒரு பொட்டலத்தை எனக்குக் கொண்டுவந்தாள். கல்லூரி மைதானத்துப் படியில் உட்கார்ந்து, கேட்காமலே என் தோள்பட்டையைப் பிடித்துப் பார்த்து, "இடதுபக்கம் ரொம்ப இறுகியிருக்கு மேம், பேப்பர் திருத்துறீங்களா?" என்றாள்.