வங்கக் கடலின் சூடு – 7: உப்புக் கோடு

சென்ற வாரம் 'சாகர் கன்யா' ஆய்வுக் கப்பலை நடுக்கடலில் நிறுத்திவிட்டுப் போனோம். நாள்: 1999 ஜூலை 27. இடம்: வங்கக் கடலின் வடபகுதி, 17.5 டிகிரி வடக்கு, 89 டிகிரி கிழக்கு.

கப்பல் அங்கே நின்றதற்குக் காரணம் கடலே இல்லாத பெங்களூரில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்றே சொல்லிப் பழகிய இந்திய அறிவியல் கழகத்தில். அங்கே பணியாற்றிய சுலோசனா காட்கிலும், அவருடன் பி.வி.ஜோசப், என்.வி.ஜோஷி இருவரும் 1984-லேயே ஒன்றைக் கண்டு சொல்லியிருந்தார்கள். கடலின் மேற்பரப்பு சுமார் 28 டிகிரியைத் தாண்டிவிட்டால், மழைமேகம் திரளும் வாய்ப்பு சட்டென்று கூடிவிடுகிறது.

சரி, தென்மேற்குப் பருவக்காற்று வீசினால் அரபிக்கடல் குளிர்ந்துவிடுகிறது. வங்கக் கடல் மட்டும் ஏன் பெரும்பாலும் 28-க்குக் கீழே இறங்குவதில்லை? காற்றும் மேகமூட்டமும் இங்கேயும்தானே இருக்கின்றன?

மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. அடியில் சூடு எவ்வளவு இருப்பு என்று தெரிய வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்புக்குக் கீழே 50 மீட்டர் ஆழம்வரை உள்ள நீர், ஒரே ஒரு டிகிரி குளிர வேண்டுமானால் சுமார் 20 கோடி ஜூல் வெப்பத்தை இழக்க வேண்டும். கரன்ட் பில் கணக்கில் சுமார் 56 யூனிட்! வங்கக் கடலில் எத்தனை சதுர மீட்டர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த இருப்பை அளக்கத்தான் கப்பலில் வின்ச் சுழன்றது. கம்பி முனையில் 'சிடிடி' என்னும் கருவி நீருக்குள் இறங்கியது. அது அளப்பவை மூன்று: வெப்பநிலை, நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறன், அழுத்தம். கடத்தும் திறனை வைத்து உப்பையும், அழுத்தத்தை வைத்து ஆழத்தையும் கணக்கிடுவார்கள். கருவி இறங்க இறங்க வெப்பத்துக்கு ஒரு கோடு, உப்புக்கு ஒரு கோடு. சூட்டை அளக்கப் போனவர்களுக்கு உப்பு எதற்கு என்று நானும் முதலில் நினைத்தேன்.

மறுநாள், ஜூலை 28. கருவி மீண்டும் இறங்கியது.

வெப்பக் கோடு பெரிதாக மாறவில்லை. உப்புக் கோடு மட்டும் கடலின் மேல்மட்டத்தில் குறையத் தொடங்கியிருந்தது. கப்பலுக்கு அடியில் நன்னீர் வந்து புகுந்துகொண்டிருந்தது!

பெய்த மழையா? வடக்கே கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டியதா? மேலே படர்ந்த அந்த நீர், அடியில் இருந்த சூட்டை என்ன செய்தது? அடுத்த இதழ் வரும்வரை நீங்களும் ஊகித்துப் பாருங்கள்.

(தொடரும்)