பவேரியாவின் முதலமைச்சர் வில்ஹெல்ம் ஹேக்னர்

1946ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி, விடிவதற்கு முன்னர், நியூரம்பேர்க் சிறைச்சாலையில் நாஜித் தலைவர்கள் பதின்மர் தூக்கிலிடப்பட்டனர். ஜேர்மன் மக்களின் சார்பில் சாட்சிகளாக அங்கு நின்றோர் இருவரே. அவருள் ஒருவர் பவேரியா மாநிலத்தின் முதலமைச்சர் வில்ஹெல்ம் ஹேக்னர்.

அவ்விடத்தில் நிற்பதற்கு அவரினும் தகுதியுடையார் அரியர். 1887இல் மியூனிச் நகரில் ஓர் இரயில்வேத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஹேக்னர், சட்டம் பயின்று அரசாங்க வழக்குரைஞரானார். சமூக ஜனநாயகக் கட்சியிற் சேர்ந்து 1924இல் மாநிலச் சட்டசபையுட் புகுந்தார். முந்திய ஆண்டு நவம்பரில் ஹிட்லர் மியூனிச்சில் நடத்திய கலகம் முறியடிக்கப்பட்டிருந்தது. ஆயினும் நீதிமன்றம் காட்டிய தயவு பெரிது. ஐந்தாண்டுத் தண்டனை பெற்ற ஹிட்லர் 1924 டிசம்பரிலேயே விடுதலையானார். கலகக்காரருக்கு அரசாங்கத்தினுள்ளே துணை நின்றவர் யாவர் என்பதை ஆராயச் சட்டசபை ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவிலே ஹேக்னர் ஆவணங்களை அயராது துருவினார். கிடைத்த உண்மைகளை அவருடைய கட்சி நூலாக வெளியிட்டது. படித்தோர் சிலர், அஞ்சியோர் அதனினுஞ் சிலர்.

1933 மார்ச் 23ஆந் திகதி, ஹிட்லருக்குச் சர்வாதிகாரம் வழங்கும் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த 94 சமூக ஜனநாயகவாதிகளுள் ஹேக்னரும் ஒருவர். அவ்வாண்டிலேயே அவர் ஆஸ்திரியாவுக்குத் தப்பினார். 1934இல் சுவிற்சர்லாந்தை அடைந்தார். அங்கே அரசியலில் ஈடுபட அனுமதியில்லை. எழுத்தும் மொழிபெயர்ப்பும் வயிற்றைக் கழுவின. எனினும் அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. சட்டங்களைக் குடிமக்களே வாக்களித்து ஆக்கவும் அழிக்கவும் வல்ல ஒரு நாட்டின் நடைமுறையை அவர் கண்ணாரக் கண்டார்.

1945இல் ஊர் திரும்பியவரை, செப்டெம்பர் மாதத்தில் அமெரிக்கப் படையாட்சி முதலமைச்சராக்கியது. இடிபாடுகளுக்கிடையே புதிய அரசியலமைப்பு ஒன்றின் முதல் வரைவை அவர் எழுதினார். தம்மைப் போலவே சுவிற்சர்லாந்தில் அகதியாயிருந்த சட்ட அறிஞர் ஹான்ஸ் நவியாஸ்கியின் துணையும் அதற்குக் கிடைத்தது. மக்கள் வாக்கெடுப்புக்கு அதில் தாராளமாக இடமளிக்கப்பட்டது. காடுகளிலும் மலைமேய்ச்சல் நிலங்களிலும் நடமாடவும், காட்டுப் பழங்களைப் பறிக்கவும் எவருக்கும் உரிமையுண்டு என்னும் 141ஆம் பிரிவு அவருடைய மனத்துக்கு இனியது. பழம் பறிப்பதற்கும் அரசியலமைப்பா என நகைப்பவர், ஏழைக் குடும்பங்களின் அடுப்பங்கரையை அறியாதவர்.

1946 டிசம்பர் 1ஆந் திகதி மக்கள் அதனைப் பெரும்பான்மை வாக்குகளால் ஏற்றனர். அதே நாளில் நடந்த சட்டசபைத் தேர்தலிலோ கிறிஸ்தவ சமூக ஐக்கியக் கட்சி வென்றது. ஹேக்னர் பதவி இழந்தார்! 1954இல் நான்கு கட்சிகளைக் கூட்டிச் சேர்த்து மீண்டும் முதலமைச்சரானார். கொள்கை வேறுபட்ட அக்கூட்டணி 1957இல் குலைந்தது. 1980 மார்ச் 5ஆந் திகதி மியூனிச்சில் அவர் காலமானார்.

அவ்வரசியலமைப்பு நிறுவிய சபைகளுள் செனெற்றும் ஒன்று. 1998 பெப்ரவரியில் பவேரிய மக்கள் தமது வாக்குகளாலேயே அச்சபையை ஒழித்தனர்.