சுவர் இடுக்கின் வரலாறு

பெரும்பாலான தொற்றுநோய்களின் வரலாறு ஒரே வரிசையில் நடப்பது. மக்கள் நோயுறுவர், மருத்துவர்கள் அதற்குப் பெயரிடுவர், பிறகு கிருமி அகப்படும், அதைச் சுமந்து வரும் பூச்சி கடைசியாகப் பிடிபடும். தென்னமெரிக்காவின் சாகஸ் நோயில் இவ்வரிசை தலைகீழாயிற்று. அங்கே பூச்சி முதலில் கிடைத்தது. நோயாளி கடைசியில்தான் கிடைத்தார்.

பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் இருப்புப்பாதை அமைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களை மலேரியா வாட்டியது. அதைக் கட்டுப்படுத்துமாறு 1907-இல் ஒஸ்வால்டோ க்ரூஸ் தம் இளம் சகாவான கார்லோஸ் சாகஸை அங்கு அனுப்பினார். லஸ்ஸான்ஸ் என்னும் சிற்றூரில் ஒரு ரயில் பெட்டியே சாகஸுக்கு வீடாகவும் ஆய்வுக்கூடமாகவும் இருந்தது. அங்கிருந்த பொறியாளர் ஒருவர் அவருக்கு ஒரு பூச்சியைப் பற்றிச் சொன்னார். மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவு. ஆனால் அதைவிடப் பன்மடங்கு பெரியது. வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர்களின் வெடிப்புகளிலும் கூரை ஓலைகளிலும் பகலெல்லாம் பதுங்கியிருக்கும். விளக்கணைந்ததும் இறங்கி வந்து, உறங்குபவரின் முகத்தில் இரத்தம் குடிக்கும். அதனால் ஊரார் அதை ‘பார்பெய்ரோ’, அதாவது நாவிதர், என்று அழைத்தனர்.

சாகஸ் அப்பூச்சியின் பின்குடலை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஓர் ஒட்டுண்ணி நெளிந்துகொண்டிருந்தது. பூச்சிகளை ரியோவில் இருந்த க்ரூஸுக்கு அனுப்பினார். அங்கே அவை கடித்த சிறு குரங்குகளின் இரத்தத்தில் டிரிபனசோம் வகைக் கிருமி தோன்றியது. தம் ஆசானின் நினைவாக அதற்கு ‘டிரிபனசோமா க்ரூசி’ என்று பெயரிட்ட சாகஸ், லஸ்ஸான்ஸுக்குத் திரும்பி வீடு வீடாகத் தேடினார். 1909 ஏப்ரல் 14 அன்று, காய்ச்சலில் கிடந்த பெரெனிஸ் என்ற இரண்டு வயதுச் சிறுமியின் இரத்தத்தில் அதைக் கண்டார். பூச்சி, கிருமி, நோய் மூன்றையும் ஒரே மனிதர் இரண்டே ஆண்டுகளில் கண்டறிந்தது மருத்துவ வரலாற்றில் அரிய நிகழ்வு.

கண்டறிந்தது புதிதே தவிர, நோய் புதிதன்று. சிலி, பெரு கடலோரப் பாலைநிலங்களில் கிடைத்த சுமார் 9,000 ஆண்டுப் பழமையான பதப்பட்ட உடல்களிலேயே இக்கிருமியின் மரபணுத் தடயம் உண்டு. மனிதன் வீடு கட்டினான். காட்டு வளைகளில் வாழ்ந்த பூச்சி அவ்வீட்டில் குடியேறிற்று.

சாகஸ் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லவில்லை. பூச்சியின் கடிவழியே கிருமி பரவுவதாக எண்ணினார். இரத்தம் குடித்துக்கொண்டே அது இடும் எச்சத்தில்தான் கிருமி இருக்கிறது, சொறியும்போது தோலுக்குள் நுழைகிறது என்பதை 1912-இல் எமில் ப்ரம்ப்ட் விளக்கினார். அப்பகுதியில் மலிந்திருந்த கழுத்துக் கழலைக்கும் இக்கிருமியே காரணம் என்றார் சாகஸ்; அதுவும் பிழை. இப்பிழைகள் எதிர்ப்பாளர்களுக்குக் கைக்கருவியாயின. 1922-23-இல் தேசிய மருத்துவக் கழகத்தில் பெரும் விவாதம் மூண்டது. நோய் அவர் சொல்லுமளவு பரவியிருக்கிறதா என்று கேட்டனர். நாட்டின் உட்பகுதியே நோயுற்றுக் கிடக்கிறது என்ற செய்தி தேசப் பெருமைக்கு இழுக்காகவும் சிலருக்குப் பட்டது. 1934-இல் சாகஸ் மறைந்தபோதும் அந்த ஐயம் முழுதும் நீங்கியிருக்கவில்லை. அர்ஜென்டினாவில் சல்வதோர் மாஸாவும், ஒற்றைக் கண் வீக்கத்தை நோயின் அடையாளமாக 1935-இல் காட்டிய செசிலியோ ரொமான்யாவும் மேலும் மேலும் நோயாளிகளைக் கண்டறிந்த பிறகே ஐயம் தணிந்தது.

ஐயம் இத்தனை காலம் நீடித்ததற்கு நோயின் இயல்பும் காரணம். முதற்காய்ச்சல் தானே தணிந்துவிடும். பிறகு பல்லாண்டுகள் எந்த அறிகுறியும் இராது. நோயுற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இதயம் பழுதாகிறது. வயலில் ஒரு விவசாயி திடீரென விழுந்து இறந்தால், இருபது ஆண்டுகளுக்கு முன் இரவில் கடித்த பூச்சியை யார் நினைப்பார்கள்?

1940-களில் பம்புயி என்ற ஊரில் இம்மானுவேல் டியாஸ், பூச்சிமருந்து தெளித்து வீடுகளைக் காக்கமுடியும் என்று காட்டினார். ஆனால் தென்கோடி நாடுகள் கூடிச் செயல்பட 1991 வரை காலம் சென்றது. அதன்பின் பலன் விரைவாகவே கிட்டியது. முதன்மைப் பூச்சியான ‘டிரயடோமா இன்ஃபெஸ்டன்ஸ்’ வழியான பரவல் உருகுவேயில் 1997-இலும், சிலியில் 1999-இலும், பிரேசிலில் 2006-இலும் நின்றதாகச் சான்றளிக்கப்பட்டது. எனினும் பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினா நாடுகளில் விரியும் சாக்கோ சமவெளியின் ஏழைக் குடிசைகளில் அப்பூச்சி இன்னும் வாழ்கிறது. உலக அளவில் சுமார் 70 லட்சம் பேர் இக்கிருமியைச் சுமப்பதாக மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் அதை அறியார். கைவசமுள்ள மருந்துகளான பென்ஸ்நிடஸோலும் நிஃபுர்டிமாக்ஸும் அரை நூற்றாண்டுப் பழையவை.

பெரெனிஸ் எழுபது வயதைக் கடந்து வாழ்ந்தார். முதுமையிலும் அவர் இரத்தத்தில் அக்கிருமி இருந்தது. அவரிடம் அது கண்டறியப்பட்ட ஏப்ரல் 14, 2020 முதல் உலக சாகஸ் நோய் நாளாக அனுசரிக்கப்படுகிறது. கிருமியைக் காண இரண்டு ஆண்டுகள் போதுமாயிருந்தன. ஏழையின் சுவரில் உள்ள வெடிப்பைப் பூச, நூறாண்டுகளுக்கு மேலாகியும் காலம் போதவில்லை.