வித்தியாதரிசியின் அறிக்கை யாருக்கு?

மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் என்று சங்கத்தில் கேட்டார்கள். ஊர் நினைவுகளை எழுத ஆக்கள் இருக்கினம், நான் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். உயர்தரத்தில் நான் வரலாறு எடுத்தவன். அதற்கு மேலே படிக்க நாட்டு நிலைமை விடவில்லை. இப்போது பக்ரறியில் இரவு வேலை. ஆனாலும் பழைய சங்கதிகளைத் தேடி வாசிக்கிற பழக்கம் மட்டும் விட்டுப் போகவில்லை.

இங்கிலாந்தில் பிள்ளை படிக்கும் வீடுகளுக்கு இரண்டு விதமான அறிக்கைகள் வரும். ஒன்று பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை, வருடத்தில் ஒருமுறையாவது வரும். மற்றது பள்ளிக்கூடத்தைப் பரிசோதித்த ஒவ்ஸ்ரெட்காரரின் அறிக்கை, சில வருடங்களுக்கு ஒருமுறை வரும். எங்கட வீடுகளில் இரண்டும் வாசிக்காமலேயே கிடக்கும். இப்ப ஈமெயிலில் வருவதால் கிடப்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் இவை தாய் தகப்பன் கைக்கு வந்து சேர ஏறக்குறைய 150 வருடம் பிடித்தது.

எங்கள் பேரன்மார் காலத்தில் ஊரில் பள்ளிக்கூடத்தைப் பரிசோதிக்க வருபவரை வித்தியாதரிசி என்பார்கள். அவர் வருகிறாரென்றால் பெரிய வாத்தியாரே நடுங்குவார். அந்த உத்தியோகம் இங்கிலாந்தில் பிறந்தது. 1833 இல் பிரித்தானிய அரசாங்கம் முதன்முறையாக ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களுக்கென்று 20,000 பவுண் கொடுத்தது. அப்போது பள்ளிகளை நடத்தியவர்கள் தேவாலயச் சங்கத்தார். கொடுத்த காசு என்ன ஆகிறது என்று பார்க்க ஆள் வேண்டுமல்லவா? 1839 இல் இரண்டு பேரை நியமித்தார்கள். ஜோன் அலன் என்ற பாதிரியார் ஒருவர், ட்ரெமென்ஹியர் என்ற சட்டத்தரணி மற்றவர். இவர்கள் எழுதிய அறிக்கை அரசாங்கத்துக்குப் போனது. பிள்ளையைப் பெற்றவனுக்கு அதில் ஒரு வரியும் எழுதப்படவில்லை.

பிறகு வந்தது 1862 ஆம் ஆண்டுத் திட்டம். ரொபேட் லோ என்பவர் கல்விக்குப் பொறுப்பாக இருந்தார். செலவு கூடிப்போச்சு, வேலைக்குத் தக்க கூலிதான் கொடுக்க வேணும் என்பது அவர் கொள்கை. சராசரி வரவுக்குப் பிள்ளை ஒன்றுக்கு 4 சிலிங். 200 தடவைக்கு மேல் வந்த, ஆறு வயது தாண்டிய பிள்ளைக்கு இன்னும் 8 சிலிங். ஆனால் அந்த 8 சிலிங்குக்குப் பிள்ளை பரிசோதகர் முன் நின்று வாசிக்க வேண்டும், எழுத வேண்டும், கணக்குச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றில் தவறினாலும் 2 சிலிங் 8 பென்ஸ் வெட்டு! பக்ரறியில் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக விளங்கும். பழுதான துண்டுக்குக் காசில்லை.

இதன் விளைவு என்ன? வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் ஒப்புவித்த பிள்ளைகள் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையையும் பரிசோதனை நாளில் தூக்கிவந்து இருத்தினார்கள். சரித்திரமும் பூமிசாத்திரமும் காசு தராத பாடங்களானபடியால் ஒதுங்கிப் போயின. கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் 1851 முதல் 1886 வரை பள்ளிப் பரிசோதகராக இருந்தவர். அரசாங்கச் சம்பளத்திலிருந்துகொண்டே அந்த முறையைக் கண்டித்து எழுதினார். அது பெரிய துணிவு என்பேன். பிழைப்பைக் கையில் வைத்திருப்பவனுக்கு எதிராகப் பேசுவது லேசல்ல.

இந்தப் பழக்கம் கப்பலேறி எங்கள் நாட்டுக்கும் போனது. 1869 இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் உண்டானது. அதைத் தொடர்ந்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் நன்கொடை. யாழ்ப்பாணத்து மிசன் பள்ளிக்கூடங்கள் வித்தியாதரிசியைக் கண்டு நடுங்கியதற்குக் காரணம் மரியாதை மட்டுமல்ல, காசும்தான். பிள்ளை எத்தனை புள்ளி, எத்தனையாம் பிள்ளை என்று நாங்கள் இன்றைக்கும் கேட்கிற கேள்விக்கும் அந்தக் காலத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்பது என் ஊகம்.

இங்கிலாந்தில் அந்த முறை 1890 களில் ஒழிந்தது. ஆனால் பரிசோதகரின் அறிக்கை நெடுங்காலம் மூடிய உறைக்குள்தான் இருந்தது. அதிபருக்குத் தெரியும், நிர்வாகத்துக்குத் தெரியும், பெற்றாருக்குத் தெரியாது. 1967 இல் வந்த ப்ளவுடன் அறிக்கை, வருடத்தில் ஒருமுறையாவது பிள்ளையைப் பற்றி எழுத்தில் பெற்றாருக்குச் சொல்லவேணும், பிள்ளையின் கொப்பிகளையும் காட்டவேணும் என்று கேட்டது. 1980 ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி நிர்வாகத்தில் பெற்றாருக்கு இடம் கொடுத்ததோடு, பரீட்சைப் பெறுபேறுகளை வெளியிடவும் வைத்தது.

1983 தை மாதம்தான் பரிசோதகர்கள் ஒவ்வொரு பள்ளிக்கூடத்தைப் பற்றியும் எழுதும் அறிக்கையை எவரும் வாசிக்கலாம் என்றாயிற்று. அதே 1983 ஆடியில்தான் எங்கள் சனம் உடுத்த துணியோடு வெளிக்கிடத் தொடங்கியது. வந்து சேர்ந்தவர்கள் பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்த காலமும், இந்நாட்டுப் பெற்றாருக்குக் கதவு திறந்த காலமும் ஒன்றுதான்.

1986 ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகசபை வருடாவருடம் பெற்றாரைக் கூட்டி அறிக்கை சொல்ல வேண்டியிருந்தது. பல இடங்களில் மேடையில் இருந்தவர்களின் தொகை கதிரையில் இருந்தவர்களை விடக் கூடவாம்! வெள்ளைக்காரரும் போகவில்லை என்பதை எங்கள் ஆக்கள் கொஞ்சம் ஆறுதலோடு கவனிக்கலாம். 1992 இல் ஒவ்ஸ்ரெட் வந்தது. ஆய்வுக்கு முன்னர் பெற்றாரைக் கூட்டி அபிப்பிராயம் கேட்பதும், அறிக்கையின் சுருக்கத்தை வீட்டுக்கு அனுப்புவதும் அத்தோடு விதியாயின. பெற்றார் மேல் பாசத்தால் மட்டும் இதைச் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. கடையில் சாமான் பார்த்து வாங்குவதுபோலப் பள்ளிக்கூடத்தையும் பார்த்து எடுக்கட்டும் என்பது அன்றைய அரசாங்கத்தின் எண்ணம். காசுள்ளவன் நல்ல பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்குவான். கவுன்சில் வீட்டுக்காக வரிசையில் நிற்பவன் எங்கே போவது?

2005 இல் நான்கு தரங்கள் வந்தன. ஆய்வுக்கு முந்திய கூட்டமும் வருடாந்தக் கூட்டமும் போயின. முழுப் பள்ளிக்கூடத்தையும் ஒரே சொல்லில் அளப்பது பெரிய பாரமாகியது. 2023 தையில் றெடிங் நகரில் ரூத் பெரி என்ற அதிபர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரது பள்ளிக்குக் கடைசித் தரம் கிடைக்கவிருந்தது. ஆய்வும் அந்த மரணத்துக்கு ஒரு காரணம் என்று மரண விசாரணையில் தீர்ப்பாயிற்று. 2024 இல் அரச பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் தரத்தை நிறுத்தினார்கள். 2025 கார்த்திகை முதல் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைக்குப் போல ஒரு றிப்போட் காட் வருகிறது. படிப்பித்தல் ஒன்று, வரவும் நடத்தையும் சேர்ந்து ஒன்று என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ஐந்து தரம். “அது அவுட்ஸ்ராண்டிங் ஸ்கூலாம்” என்று ஒரு சொல்லோடு முடித்துவிடாமல், வாசித்துத்தான் பார்க்க வேண்டும்.

பிள்ளையின் அறிக்கையிலும் இதே கரைச்சல்தான். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஏழு வயதுக்கு லெவல் 2, பதினொரு வயதுக்கு லெவல் 4 என்று இலக்கத்தில் சொன்னார்கள். 2014 இல் புதிய பாடத்திட்டத்தோடு லெவல்களை எடுத்துவிட்டார்கள். 2016 முதல் பதினொரு வயதுச் சோதனையில் 100 எடுத்தால் எதிர்பார்த்த தரம். 80 தான் அடி, 120 தான் நுனி. நூற்றுக்கு நூறு என்று நினைத்து இனிப்பு வாங்க ஓடவேண்டாம்!

என்னோடு வேலை செய்கிற அண்ணா ஒருவர் போன வருடம் மகளின் றிப்போட்டை ரெலிபோனில் காட்டினார். “பார் தம்பி, எல்லாத்திலயும் வேர்க்கிங் ருவேர்ட்ஸ் எண்டு போட்டிருக்கு. பிள்ளை நல்லா வேலை செய்யிறாளாம்.” அவருக்கு அதை வாசித்துச் சொன்னவள் அந்த மகளேதான். எனக்குச் சொல்லவும் மனமில்லை, சொல்லாமலும் விடமுடியாது. “அண்ணை, அது எதிர்பார்த்த தரத்துக்கு இன்னும் வரேல்ல எண்டு அர்த்தம்” என்றேன். மனிசன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப ஏன் அதை நேரா எழுதேல்ல?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்நாட்டில் கசப்பைச் சீனி தடவித்தான் எழுதுவார்கள். அடுத்த கிழமை வேலைக்கு அரை நாள் லீவு போட்டு இருவரும் போய் ஆசிரியையைக் கண்டோம். வாசிப்பில்தான் பிள்ளை பின்னுக்கு நிற்கிறாள், மற்றவை அதனால் வந்த குறை என்று ஆசிரியை கொப்பிகளை விரித்துக் காட்டினா. கிழமையில் மூன்று நாள் தனியாக வாசிப்புச் சொல்லிக்கொடுக்க ஒழுங்கும் செய்தா. பிள்ளை இப்போது நூலகத்தில் உறுப்பினர்.

பள்ளிக்கூடத்தில் நேரே மூன்று கேள்வி கேளுங்கோ. என் பிள்ளை இந்த வயதுக்குரிய தரத்தில் நிற்கிறதா? போன வருடத்தை விட எவ்வளவு முன்னேற்றம்? எதில் உதவி வேணும்? மொழிபெயர்ப்பாளர் வேணுமென்றால் பள்ளிக்கூடத்தை முன்கூட்டியே கேட்கலாம். பிள்ளையை மொழிபெயர்க்க விடாதேங்கோ. தன் குறையைத் தானே அப்பாவுக்குச் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் வைப்பது சரியல்ல.

ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபத்தில் வகுப்பு முடியும்வரை நானும் இன்னும் இரண்டு பேரும் இருப்போம். பிள்ளையின் அறிக்கையோ பள்ளியின் அறிக்கையோ, கொண்டு வாருங்கோ. இருந்து வரிவரியாக வாசித்துச் சொல்லுவோம். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியையும் கொண்டு வாருங்கோ, அந்த மண்டபத்தில் வெளிச்சம் காணாது.